"வண்டி ஸ்லிப் ஆயிடுச்சு சார்": அந்த ஒரு பொய் எத்தனை லட்சம் இழக்க வைக்கும்? சாலை விபத்து இழப்பீடு பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

இரவு பதினொரு மணி. ஆபீஸ் முடித்து பைக்கில் வீடு திரும்பிக்கொண்டிருக்கிறீர்கள். பின்னால் வந்த கார் இடித்துவிடுகிறது. அக்கம்பக்கத்தில் இருப்பவர்கள் ஆட்டோவில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோகிறார்கள். கேஷுவாலிட்டியில் கேட்கும் முதல் கேள்வி: "எப்படி அடிபட்டது?"

வலி ஒருபக்கம். போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டுமே என்ற பயம் இன்னொரு பக்கம். இடித்த கார்க்காரர் வேறு பக்கத்திலேயே நின்று, "ஆஸ்பத்திரி செலவு நான் பாத்துக்கறேன் தம்பி, கேஸெல்லாம் வேணாம்" என்கிறார். நீங்களும், "வண்டி ஸ்லிப் ஆயிடுச்சு சார்" என்று சொல்லிவிடுகிறீர்கள்.

அந்த வரி மருத்துவமனைப் பதிவேட்டில் ஏறிவிடும். இரண்டு ஆபரேஷன் முடிந்து, கார்க்காரர் போனை எடுப்பதை நிறுத்திய பிறகு நீங்கள் வழக்குப் போடுவீர்கள். அப்போது எதிர்த்தரப்பு இன்சூரன்ஸ் வழக்கறிஞர் முதலில் கையில் எடுப்பது அந்த வரியைத்தான். "விழுந்தது இவரே. எங்கள் காருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை."

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-ல் மட்டும் இந்தியாவில் 4,61,312 சாலை விபத்துகள் நடந்தன. 1,68,491 பேர் இறந்தார்கள், 4,43,366 பேர் காயமடைந்தார்கள். விபத்துகளின் எண்ணிக்கையில் அந்த ஆண்டு முதலிடம் தமிழ்நாட்டுக்குத்தான். காயமடைந்தவர்களுக்கு இழப்பீடு கிடைக்கச் சட்டம் இருக்கிறது. ஆனால் எவ்வளவு கிடைக்கும் என்பதைப் பெரும்பாலும் முதல் சில வாரங்களில் உருவாகும் காகிதங்களே தீர்மானித்துவிடுகின்றன.

யாருடைய இன்சூரன்ஸ் பணம் தரும்?

பலருக்கும் குழப்பம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. "என்கிட்ட ஃபுல் இன்சூரன்ஸ் இருக்கே" என்பார்கள். உங்கள் பாலிசியைப் பிறகு பார்ப்போம். உங்கள் உடலுக்கு ஏற்பட்ட காயத்துக்கு இழப்பீடு தர வேண்டியது இடித்த வண்டியின் உரிமையாளர். அவர் சார்பில் அதைக் கட்டுவது அந்த வண்டியின் இன்சூரன்ஸ் நிறுவனம். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 146-வது பிரிவு எல்லா வண்டிக்கும் தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸைக் கட்டாயமாக்கியிருப்பது இதற்காகத்தான். அந்த 'தேர்ட் பார்ட்டி' நீங்கள்தான்.

வழக்கை விசாரிப்பது மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம். 166-வது பிரிவின் கீழ் மனு போட வேண்டும். எதிராளியின் தவறால்தான் விபத்து நடந்தது என்று காட்டும் பொறுப்பு உங்களுடையது. ஆனால் கிரிமினல் வழக்கைப் போல சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டியதில்லை. 'இப்படித்தான் நடந்திருக்க வாய்ப்பு அதிகம்' என்று தீர்ப்பாயம் நம்பும் அளவுக்கு ஆதாரம் இருந்தால் போதும்.

யார்மீது தவறு என்பதையே பார்க்காமல் தரும் இழப்பீடும் உண்டு. 164-வது பிரிவின்படி மரணத்துக்கு 5 லட்சம் ரூபாய், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம் ரூபாய். கேட்க நன்றாக இருக்கிறது, இல்லையா? இதில் ஒரு கொக்கி இருக்கிறது. இந்தத் தொகையை ஏற்றுக்கொண்டால், 166-ன் கீழ் நீங்கள் போட்ட பெரிய மனு செத்துப்போகும். சாதாரண எலும்பு முறிவு, சீக்கிரம் குணமாகிவிடும், யார் தவறு என்பதிலும் சந்தேகம் என்றால் 2.5 லட்சத்தை வாங்கிக்கொண்டு நகர்வது புத்திசாலித்தனமாக இருக்கலாம். முழங்காலில் பிளேட் வைத்து, இனி சம்மணம் போட்டு உட்கார முடியாது என்று டாக்டர் சொன்ன பிறகு அதில் கையெழுத்துப் போடாதீர்கள்.

இடித்த வண்டி எதுவென்றே தெரியவில்லை, நிற்காமல் போய்விட்டது என்றால் வழி வேறு. 161-வது பிரிவின்கீழ் 2022 ஏப்ரல் 1 முதல் மரணத்துக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய் அரசுத் திட்டத்திலிருந்து கிடைக்கும். விபத்து நடந்த பகுதியின் வருவாய்த் துறை அதிகாரியிடம் இதற்கு விண்ணப்பிக்க வேண்டும். கோர்ட்டுக்குப் போக வேண்டியதில்லை.

முதல் மூன்று நாள்

மருத்துவமனையில் உண்மையைச் சொல்லுங்கள். எந்த வண்டி, எந்த இடம், எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று நினைவில் இருப்பதைச் சொன்னால் போதும். நீங்கள் மயக்கத்தில் இருந்தால் கூட வந்தவர் சொல்லட்டும். தமிழ்நாட்டில் இதை 'ஏஆர் காப்பி' என்பார்கள், பெங்களூரிலும் டெல்லியிலும் 'எம்எல்சி' என்று கேளுங்கள். சின்ன நர்சிங் ஹோம்களில், "எம்எல்சி போட்டா போலீஸ் வரும், தேவையா?" என்று கேட்பது உண்டு. தேவை என்று சொல்லுங்கள்.

அடுத்தது எஃப்ஐஆர். நாலு நாள் ஐசியுவில் கிடந்தவர் எப்படி ஸ்டேஷனுக்குப் போவார்? எஃப்ஐஆர் தாமதமானது என்பதற்காக மட்டும் இழப்பீட்டை மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே சொல்லிவிட்டது. காயமடைந்தவரைக் காப்பாற்றுவதுதான் குடும்பத்துக்கு முதல் வேலை என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். ஆனாலும் தாமதத்துக்கான காரணம் புகாரில் இருக்கட்டும். வேறு ஊரில் விபத்து நடந்து, உங்களை சொந்த ஊருக்குக் கொண்டுவந்துவிட்டார்கள் என்றாலும் கவலை வேண்டாம். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவின்படி, எந்த எல்லைக்குள் நடந்த சம்பவமாக இருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் தரலாம்.

இன்னொரு விஷயம், இது பலருக்குத் தெரியாது. 2022-ல் திருத்தப்பட்ட மத்திய விதிகளின்படி, விசாரணை அதிகாரி 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையைத் தீர்ப்பாயத்துக்கும் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் அனுப்ப வேண்டும். உங்கள் உரிமைகளை விளக்கும் இரண்டாம் படிவத்தை 10 நாளுக்குள் உங்களிடம் தர வேண்டும். விரிவான விபத்து அறிக்கையை 90 நாளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். அந்த அறிக்கையையே இழப்பீட்டு மனுவாகத் தீர்ப்பாயம் எடுத்துக்கொள்ளலாம். விதி இப்படி. நடைமுறையில் உங்கள் ஸ்டேஷன் எப்படி என்பது வேறு கதை. "சார், ஃபார்ம் டூ எனக்கு இன்னும் வரலையே" என்று நீங்கள் கேட்பதே வேலையைக் கொஞ்சம் நகர்த்தும்.

செலவைப் பொறுத்தவரை, மத்திய அரசு 2025 மே மாதம் அறிவித்த திட்டத்தில், விபத்து நடந்த நாளிலிருந்து 7 நாள் வரை 1.5 லட்சம் ரூபாய்க்கான சிகிச்சையைத் திட்டத்தில் உள்ள மருத்துவமனைகளில் பணம் கட்டாமல் பெறலாம். தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்து நடந்தால் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கவனித்துக்கொள்கிறது. நீங்கள் எந்த மாநிலத்தவர் என்பது அங்கே பொருட்டில்லை.

ஆறு மாதக் கெடு

2022 ஏப்ரல் 1-க்குப் பிறகு நடந்த விபத்துகளுக்கு, 6 மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்கிறது 166(3) பிரிவு. அதற்கு முன்பு பல ஆண்டுகளாக இப்படி ஒரு கெடுவே இல்லை. இந்தக் கெடுவை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றத்தில் இருக்கின்றன. காலம் கடந்துவிட்டது என்ற காரணத்துக்காக மனுக்களைத் தள்ளுபடி செய்யக் கூடாது என்று 2025 நவம்பரில் இடைக்கால உத்தரவும் வந்தது. இடைக்கால உத்தரவை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம். சிகிச்சை முடியாவிட்டாலும் பரவாயில்லை, மனுவை 6 மாதத்துக்குள் போட்டுவிடுங்கள். பில்களையும் ஊனச் சான்றிதழையும் விசாரணையின்போது சேர்க்கலாம்.

எந்த ஊரில் போடுவது? விபத்து நடந்த இடம், நீங்கள் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் இடம், எதிராளி வசிக்கும் இடம் என மூன்றில் எதையும் தேர்ந்தெடுக்கலாம். ஓசூர் சாலையில் அடிபட்டு, வேலையை விட்டு, அம்மாவின் பராமரிப்பில் விருதுநகரில் இருக்கிறீர்கள் என்றால் அந்த மாவட்டத்திலேயே வழக்கு நடத்தலாம். ஆனால் ஆபரேஷன் செய்த டாக்டர் பெங்களூரில் இருக்கிறார், நீங்களும் அங்கேதான் வேலைக்குத் திரும்பப் போகிறீர்கள் என்றால் பெங்களூரே வசதி. டாக்டர் சாட்சி சொல்வது எவ்வளவு முக்கியம் என்பது அடுத்த பகுதியில் புரியும்.

கணக்கு எப்படிப் போடுகிறார்கள்?

மருத்துவச் செலவு, போக்குவரத்து, கூட இருந்து பார்த்துக்கொண்டவருக்கான செலவு, வேலைக்குப் போகாத மாதங்களின் சம்பளம், இனி தேவைப்படும் சிகிச்சை, வலிக்கும் வேதனைக்கும் ஒரு தொகை. இவையெல்லாம் பில்லையும் நியாயத்தையும் வைத்து வருபவை. பெரிய தொகை வரும் தலைப்பு ஒன்றே ஒன்றுதான்: நிரந்தர ஊனத்தால் எதிர்காலத்தில் இழக்கப்போகும் வருமானம்.

ஒரு கற்பனை உதாரணம். உங்களுக்கு வயது 29. வரி போக மாதம் 50,000 ரூபாய் சம்பளம், அதாவது ஆண்டுக்கு 6 லட்சம். நிரந்தர வேலையில் இருக்கும் 40 வயதுக்குக் குறைவானவருக்கு, எதிர்காலச் சம்பள உயர்வுக்காக 50% கூட்ட வேண்டும் என்பது 2017-ல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு வகுத்த விதி. சுயதொழில் அல்லது நிலையான சம்பளம் என்றால் 40%. ஆக 9 லட்சம். இதை வயதுக்கேற்ற ஒரு எண்ணால் பெருக்க வேண்டும். அந்த அட்டவணையை 2009-ல் உச்ச நீதிமன்றம் தந்தது. 26 முதல் 30 வயதுக்கு அந்த எண் 17. வருவது 1 கோடியே 53 லட்சம்.

உடனே சந்தோஷப்பட வேண்டாம். இது முழு வருமானமும் போய்விட்டால் வரும் தொகை. உங்கள் ஊனம் சம்பாதிக்கும் திறனில் எத்தனை சதவீதத்தைப் பறித்தது என்று பார்த்து, அந்தச் சதவீதத்தைத்தான் தருவார்கள். 20% என்றால் 30,60,000 ரூபாய். 5% என்றால் 7,65,000 ரூபாய். அதே விபத்து, அதே கால், அதே சம்பளம். வித்தியாசம் ஏறக்குறைய 23 லட்சம். வழக்கின் உண்மையான சண்டை நடப்பது இந்த ஒரு எண்ணுக்காகத்தான்.

டாக்டர் '40% ஊனம்' என்று சான்றிதழ் கொடுத்தால் 40% கிடைத்துவிடும் என்று நினைப்பது தவறு. அது ஒரு காலுக்கான சதவீதமா, முழு உடலுக்கா என்பது முதல் கேள்வி. அந்த ஊனம் உங்கள் வேலையை எவ்வளவு பாதிக்கிறது என்பது இரண்டாவது கேள்வி. 2011-ல் உச்ச நீதிமன்றம் இதை ஒரு உதாரணத்தோடு விளக்கியது. இடது கையை இழந்தவர் டிரைவராகவோ தச்சராகவோ இருந்தால் அவரது பிழைப்பே போய்விட்டது என்று கொள்ளலாம். அதே கையை இழந்தவர் அரசு அலுவலக கிளார்க் என்றால் அவர் அதே வேலையில் தொடரலாம், வருமான இழப்பு குறைவு. சிகிச்சை தராத யாரோ ஒரு டாக்டர் எழுதிக்கொடுக்கும் ரெடிமேட் சான்றிதழ்களைக் கவனமாகப் பார்க்க வேண்டும் என்றும் அந்தத் தீர்ப்பு தீர்ப்பாயங்களை எச்சரித்தது.

லேப்டாப்பில் வேலை பார்ப்பவர்களுக்கு இந்த தர்க்கம் பாதகமாகத் திரும்பும். "இவருக்குக் கால்தானே போச்சு? கையால்தானே டைப் பண்றார்? சம்பளமும் அப்படியேதானே வருது?" என்று இன்சூரன்ஸ் தரப்பு கேட்கும். நியாயமான கேள்வி போலவே இருக்கும். நீங்கள் பதில் தயாராக வைத்திருக்க வேண்டும். கிளையன்ட் இடத்துக்குப் போக வேண்டிய வேலையா? விபத்துக்குப் பிறகு ஷிஃப்ட் மாற்றினார்களா? ஆன்சைட் வாய்ப்பு கைநழுவியதா? தொடர்ந்து எட்டு மணி நேரம் உட்கார முடிகிறதா? அப்ரைசலில் ரேட்டிங் இறங்கியதா? இதையெல்லாம் வாயால் சொன்னால் போதாது. மேனேஜரின் மின்னஞ்சல், எச்ஆர் கடிதம், விபத்துக்கு முந்தைய ரேட்டிங் என்று காகிதமாக வேண்டும்.

கம்ப்யூட்டர் வேலை என்றால் இழப்பு குறைவு என்பதை உச்ச நீதிமன்றம் அப்படியே ஏற்றுக்கொண்டுவிடவில்லை. டேட்டா என்ட்ரி ஆபரேட்டராக இருந்த ஓர் இளைஞர் விபத்தில் வலது கையை இழந்தார். டெல்லி உயர் நீதிமன்றம் அவரது வருமான இழப்பை 45% என்று கணக்கிட்டது. 2020-ல் உச்ச நீதிமன்றம் அதை 65% ஆக உயர்த்தியது. விரல்களை நம்பியே பிழைப்பவருக்குக் கை போனால் என்ன ஆகும் என்பதை யதார்த்தமாகப் பார்க்க வேண்டும் என்பதே அந்தத் தீர்ப்பின் அடிப்படை. எதிர்காலச் சம்பள உயர்வு இறந்தவர்களின் குடும்பத்துக்கு மட்டுமல்ல, நிரந்தர ஊனமடைந்து உயிரோடு இருப்பவருக்கும் உண்டு என்றும் அதே தீர்ப்பு தெளிவாக்கியது.

அதனால் ஃபார்ம் 16, சம்பளச் சீட்டு, வருமான வரிக் கணக்கு, வேலை உறுதிசெய்யப்பட்ட கடிதம் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். ஃப்ரீலான்ஸ் செய்பவர்கள் வரிக் கணக்குத் தாக்கல் செய்யாமலே விட்டிருந்தால், இங்கேதான் அடி விழும்.

ஆபீஸ் மெடிக்ளெய்ம் பில்லைக் கட்டிவிட்டதே, அதைக் கழித்துவிடுவார்களா? கழிக்கக் கூடாது என்று மும்பை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2025-ல் தீர்ப்பளித்தது. மற்ற மாநிலங்களில் இதை எதிர்த்து வாதம் வரும். எப்படியானாலும் ஒரிஜினல் பில்கள் மெடிக்ளெய்முக்குப் போகும் முன் ஒவ்வொன்றுக்கும் மருத்துவமனை முத்திரையோடு நகல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஹெல்மெட் போடலையே, அப்போ?

உங்கள் பக்கமும் தவறு இருந்தால், அந்த அளவுக்கு இழப்பீடு குறையும். மொத்தமும் போய்விடாது. ஆனால் விதியை மீறினீர்கள் என்பது வேறு, அந்த மீறலால்தான் விபத்தோ காயமோ ஏற்பட்டது என்பது வேறு. ஒரே பைக்கில் மூன்று பேர் போனார்கள் என்பதாலேயே அவர்கள்மீதும் தவறு என்று சொல்லிவிட முடியாது, அது விபத்துக்குக் காரணமாக இருந்ததா என்று காட்ட வேண்டும் என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஹெல்மெட் இல்லாமல் தலையில் அடிபட்டால் தொகை குறைய வாய்ப்பு உண்டு. கால் முறிவுக்கும் ஹெல்மெட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று உங்கள் வழக்கறிஞர் கேட்கலாம்.

தனியாகப் போய் டிவைடரில் நீங்களே மோதினால்? தேர்ட் பார்ட்டி யாரும் இல்லை. உங்கள் பாலிசியில் உள்ள 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பு மட்டும்தான். அதுவும் மரணம், கை கால் அல்லது பார்வை இழப்பு, முழு நிரந்தர ஊனம் போன்றவற்றுக்கே. சாதாரண எலும்பு முறிவுக்கு அதில் ஒன்றும் வராது. நண்பரின் பைக்கை இரவல் வாங்கி ஓட்டினால் சிக்கல் இன்னும் கூடும். அப்படி ஓட்டுபவரை நீதிமன்றங்கள் உரிமையாளரின் இடத்தில் வைத்துத்தான் பார்க்கின்றன.

நண்பரின் காரில் பக்கத்து சீட்டில், அல்லது பைக்கில் பின்னால் உட்கார்ந்து போகிறீர்கள், ஓட்டியவர் தவறால் அடிபட்டது என்றால், அவரிடம் இருப்பது வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசியா, காம்ப்ரிஹென்சிவ் பாலிசியா என்பதைப் பொறுத்தது. முதல் வகையில் இன்சூரன்ஸ் நிறுவனம் கைவிரிக்கும். இரண்டாவதில் உங்களுக்கும் காப்பு உண்டு. மஞ்சள் போர்டு கேப் என்றால் பயணிக்கான காப்பு கட்டாயம். வெள்ளை போர்டு பைக் டாக்ஸி என்றால், சொந்த உபயோகத்துக்கான வண்டியை வாடகைக்கு ஓட்டினார் என்று நிறுவனம் தகராறு செய்ய இடமிருக்கிறது. ஏறும்முன் பாலிசியைக் கேட்டுப் பார்க்கவா முடியும்? முடியாது. ஆப்பில் வந்த ட்ரிப் விவரத்தின் ஸ்கிரீன்ஷாட்டையாவது அழிக்காமல் வைத்திருங்கள்.

வழக்கறிஞர், செட்டில்மென்ட், பணம்

மருத்துவமனை வாசலிலேயே, "கேஸை நாங்க பாத்துக்கறோம், ஒரு பைசா வேணாம், வர்ற பணத்துல இத்தனை பர்சன்ட் குடுத்தா போதும்" என்று விசிட்டிங் கார்டு நீட்டுபவர்கள் இருக்கிறார்கள். வழக்கின் வெற்றியைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதும், கிடைக்கும் பணத்தில் பங்கு கேட்பதும் இந்திய பார் கவுன்சில் விதிகளின்படி வழக்கறிஞர்களுக்குத் தடைசெய்யப்பட்டவை. கட்டணத்தை முன்கூட்டியே தொகையாகப் பேசி எழுதி வாங்குங்கள். வெற்று வக்காலத்து, வெற்றுக் காசோலை எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். பெண்கள், பட்டியல் சாதி மற்றும் பழங்குடியினர், குறைந்த வருமானம் உள்ளவர்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வழக்கறிஞர் கேட்கலாம்.

149-வது பிரிவின்படி, விபத்துத் தகவல் கிடைத்த இன்சூரன்ஸ் நிறுவனம் ஓர் அதிகாரியை நியமித்து, 30 நாளுக்குள் தீர்ப்பாயத்தின் முன் ஒரு தொகையை முன்வைக்க வேண்டும். நீங்கள் ஒத்துக்கொண்டால் அடுத்த 30 நாளுக்குள் பணம் வர வேண்டும். லோக் அதாலத்திலும் பேசி முடிக்கலாம், ஆனால் அங்கே முடிந்தால் மேல்முறையீடு கிடையாது. செட்டில்மென்ட் தப்பில்லை. ஆண்டுக்கணக்கில் இழுப்பதைவிட இப்போது வரும் பணம் பலருக்கு மேல். உங்கள் காயம் முழுமையாக ஆறி, இனி எவ்வளவு முடியும், எவ்வளவு முடியாது என்று டாக்டர் சொல்லும் முன் 'முழுவதும் பெற்றுக்கொண்டேன்' என்று எழுதிக் கொடுப்பதுதான் தப்பு. பிளேட்டை எடுக்க இரண்டாவது ஆபரேஷன் இருக்கிறதா என்று கேட்டீர்களா?

தீர்ப்பு திருப்தி இல்லையென்றால் 90 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். பிரச்சினைக்குரிய தொகை 1 லட்சத்துக்குக் குறைவு என்றால் அந்த வழியும் இல்லை. தீர்ப்புத் தொகைக்குப் பொதுவாக மனு போட்ட தேதியிலிருந்து வட்டி உண்டு. பணத்தை நேரடியாக உரியவரின் வங்கிக் கணக்குக்கே அனுப்பலாம் என்று 2025-ல் உச்ச நீதிமன்றம் வழிகாட்டியது. ஆகவே மனுவோடு கொடுக்கும் வங்கிப் புத்தக நகலில் இருப்பது உங்கள் கணக்குதானா, இன்னும் செயல்பாட்டில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கம்பெனி மாறியபோது கைவிட்ட பழைய சம்பளக் கணக்கைக் கொடுத்துவிட்டால், ஜெயித்த பணத்துக்கும் மறுபடி கோர்ட் படி ஏற வேண்டியிருக்கும்.